ஒவ்வொரு மணிக்கும் ஏழாவது நிமிடம்

நாத்தனாரோடு பேச்சு நின்று அன்றோடு பதினாறு நாள் ஆகியிருந்தது. ஒரே வீடு. கீழே அவளும் கணவனும், மாடியில் நாத்தனார், நடுவில் பதினெட்டுப் படிகள். அந்தப் படிகளில் இப்போது ஏறி இறங்குகிறவன் கணவன் ஒருவன்தான். "அக்கா மோட்டார் போடச் சொன்னா", "போட்டாச்சுன்னு போய்ச் சொல்லுங்க" என்று இரண்டு பக்கமும் தூது போய்ப் போய் மனுஷனுக்கு இடுப்புப் பட்டையில் ஒரு துளை குறைந்திருந்தது.

அன்று காலை அவன் செய்தி எதுவும் கொண்டுவரவில்லை. நீல அட்டை போட்ட ஒரு நோட்டைக் கொண்டுவந்து, சூடான பாத்திரத்தை இறக்குகிறவன் மாதிரி அவள் முன்னால் மெதுவாக வைத்தான்.

"என்ன இது?"

"அக்கா குடுத்தா. 'உன் பொண்டாட்டிக்குப் படிக்கத் தெரியும்ல, படிக்கட்டும்'னா. நான் சொல்லலம்மா, அவ சொன்னா."

"படிச்சு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. இன்னைக்கு மூணு மணிக்குத்தானே அவளைக் கூப்பிட்டிருக்காங்க?"

மூன்று மணிக்குத்தான். அது அவளுக்கும் தெரியும். அந்த மூன்று மணிக்கு வழி பண்ணிக் கொடுத்ததே அவள்தான்.

விஷயம் இதுதான். இருவருக்கும் ஒரே மருத்துவமனையில் வேலை. நாத்தனார் பத்தொன்பது வருஷமாக மருந்து கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர். நோயாளிகளுக்கு அவர் 'மருந்தக்கா'. இவள் அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவள். வார்டு ஆயாவிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் 'கம்ப்யூட்டரம்மா'. டாக்டர் தன் அறையில் மருந்துச் சீட்டைக் கணினியில் எழுதினால் அது ஜன்னலில் இருக்கும் திரைக்கு வரும். அக்கா அதைப் பார்த்து மருந்தை எடுத்து, கொடுத்தேன் என்று குறித்தால்தான் அடுத்த ஆளின் சீட்டு திறக்கும். மூன்று மாதமாக அந்தத் திரை சண்டித்தனம் பண்ணியது. ஒரு சீட்டு திறக்க நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம். சில நாள் வரிசை ஜன்னலில் தொடங்கி வாசல் கதவைத் தாண்டி வெயிலில் போய் நின்றது. கண்காணிப்பாளரின் மேஜையில் புகார்க் கடிதங்கள் குவிந்தன.

மெஷினைப் பார்க்கச் சொல்லி அவர் உத்தரவு போட்டார். அவளும் பார்த்தாள். நோயாளிகள் நிற்கும்போது மெஷினில் கை வைக்க முடியாது என்பதால், ஜன்னல் சாத்திய பிறகு, ஆறு மணிக்குப் பார்த்தாள். அதுவும் ஒரு நாள் இல்லை, மூன்று நாள். எதையும் மூன்று தடவை பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. அடுப்பு அணைந்ததா என்று மூன்று தடவை, வாசல் பூட்டை இழுத்து மூன்று தடவை. கல்யாணமான புதிதில் கணவன் இதைப் பார்த்துவிட்டு, "தாலி கட்டும்போது மூணாவது முடிச்சு வரைக்கும் எண்ணிட்டு இருந்தியாமே?" என்று கேட்டான். எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

மூன்று நாளும் மெஷின் குதிரை மாதிரி ஓடியது. அவள் அறிக்கை எழுதினாள்: 'இயந்திரத்தில் குறை ஏதும் காணப்படவில்லை.' அதோடு நிறுத்தியிருக்கலாம். நாத்தனார் என்பதால் பூசி மெழுகிவிட்டாள் என்று நாளைக்கு எவரும் வாய் திறக்கக் கூடாதே என்று இன்னொரு வரியும் சேர்த்தாள்: 'இயக்குபவரின் வேலை முறையைக் கவனிக்கலாம்.' கீழே கையெழுத்து, தேதி, முத்திரை. நேர்மையாக நடந்துகொண்டோம் என்று அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார் கண்காணிப்பாளர். மருந்தக்காவை ஜன்னலிலிருந்து எடுத்து, அடித்தளத்தில் இருக்கும் மருந்துக் கிடங்கில் அட்டைப் பெட்டி எண்ணப் போடுவது, பணிப் பதிவேட்டில் 'மந்தம்' என்று எழுதுவது என்று முடிவாகியிருந்தது. உத்தரவு தட்டச்சாகி மேஜையில் காத்திருந்தது. அக்காவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பது என்ற சம்பிரதாயம் மட்டும்தான் பாக்கி. அதுதான் அந்த மூன்று மணி.

அவள் நோட்டைத் திறந்ததே குறை கண்டுபிடிக்கத்தான். அழுகையும் ஆத்திரமுமாக ஏதாவது எழுதியிருப்பார், படித்துவிட்டு மூடி வைக்கலாம் என்றிருந்தாள். உள்ளே அழுகையும் இல்லை, ஆத்திரமும் இல்லை. மருந்து உறைமேல் 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று எழுதும் அதே குண்டு எழுத்தில், ஒரு நாளைக்கு ஒரு பக்கம்.

'10.08 – சக்கரம் சுத்துது. காது கேக்காத தாத்தா. 4 நிமிஷம்.
10.19 – இன்னும் சுத்துது. இரட்டைக் குழந்தை அம்மா. ஒண்ணு தூங்கிடுச்சு, ஒண்ணு அழுது.
10.31 – சரியாச்சு.
11.07 – மறுபடி. காக்கிச் சட்டைக்காரர். கத்திட்டுப் போயிட்டார், மருந்து வாங்கல.
11.29 – சரியாச்சு.
12.08 – மறுபடி.'

அடுத்த பக்கம் புரட்டினாள். 9.08. 10.07. 11.08. அதற்கடுத்த பக்கத்தில் 10.07. 12.07. இருபது பக்கம் புரட்டிவிட்டாள், எல்லாம் நூல் பிடித்தாற்போல ஒரே நிமிஷம். மணி அடித்து ஏழாவது நிமிஷம் தொடங்குகிறது, அரை மணி வாக்கில் தெளிகிறது, அடுத்த ஏழாவது நிமிஷம் மறுபடி.

தட்டில் வைத்த இட்லி ஆறிக்கொண்டிருந்தது. மனுஷர்கள் மந்தமாக இருந்தால் சாப்பிட்ட மயக்கத்தில் மந்தமாக இருப்பார்கள், வீட்டுக் கவலையில் மந்தமாக இருப்பார்கள். கடிகாரம் பார்த்து மந்தமாக இருக்கிற மனுஷி உலகத்திலேயே கிடையாது. மணி பார்த்து வேலை செய்வது மெஷின்தான்.

"என்ன, பேயடிச்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்றான் கணவன்.

"உங்க அக்கா என்னைவிட நல்லா அளக்கறாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வாசலை ஒரே தடவைதான் பூட்டினாள். அது அவளுக்கே தெருமுனையில்தான் உறைத்தது.

பத்து அடித்து ஐந்து நிமிஷம் ஆனபோது மருந்து ஜன்னலுக்குள் போய் நாத்தனாரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அந்த அறைக்குள் பகலில் அவள் வருவது அதுதான் முதல் தடவை. மூன்று சுவருக்கும் இழுப்பறைகள், ஒரு சின்ன மின்விசிறி, மாத்திரை அட்டையை வெட்டும் கத்தரிக்கோல் ஒரு நூலில் தொங்கியது. வெளியே பதினைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"மருந்து வேணும்னா டோக்கன் எடுத்துட்டு அந்தப் பக்கமா வரணும்" என்றார் நாத்தனார், திரும்பாமலே.

"நோட்டைப் பார்த்தேன் அண்ணி."

நாத்தனாரின் கை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சீட்டு திறக்கிறது, இழுப்பறை, கத்தரி, உறை, எழுத்து, குறித்தல், அடுத்தது. அவள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம்கூட இல்லை. இவரையா 'வேலை முறையைக் கவனிக்கலாம்' என்று எழுதினோம் என்று நினைத்தபோது காது மடல் சூடானது.

சுவர்க் கடிகாரத்தில் பத்து ஏழு. திரையில் சக்கரம் சுற்றத் தொடங்கியது.

நாத்தனார் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அவளுக்குத் திரையைக் காட்டிவிட்டு, துணியை எடுத்து மாத்திரை எண்ணும் தட்டைத் துடைத்தார். உறைகளை அடுக்கினார். அடுக்கியதை மறுபடி அடுக்கினார். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு, வரிசை நிற்கிறது, இந்தம்மா தட்டு துடைத்துக்கொண்டிருக்கிறது. கண்காணிப்பாளர் வராந்தாவில் போகும்போதெல்லாம் கண்டது இந்தக் காட்சியைத்தான்.

அவள் குனிந்து பக்கத்தில் இன்னொரு கட்டத்தைத் திறந்தாள். மெஷினின் மூளை சும்மா இருந்தது. நினைவகத்தில் பாதி காலி. வட்டுக்கு, அதாவது எல்லாம் எழுதி வைத்திருக்கும் டிஸ்க்குக்கு, இவர்கள் கேட்பது கையளவு. அந்தக் கையளவுக்கு அது விநாடிக்கணக்கில் காக்க வைத்தது. கேட்பது கொஞ்சம், கிடைப்பது தாமதம். அப்படியானால் டிஸ்க் வேறு யாருக்கோ வேலை செய்துகொண்டிருக்கிறது.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். மருந்து ஜன்னலின் மெஷின் என்று தனியாக ஒரு பெட்டி கிடையாது. மூன்றாம் மாடியில், குளிரூட்டிய ஒரு சின்ன அறையில், ஒரே ஒரு பெரிய பெட்டி இருக்கிறது. அதற்குள் ஏழு மெஷின்கள் குடியிருக்கின்றன. பாடப்புத்தகத்தில் மெய்நிகர் இயந்திரம் என்பார்கள், இவர்கள் விஎம் என்பார்கள். ஒவ்வொன்றும் இந்த உலகத்தில் தான் ஒருத்தி மட்டுமே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். ஒரே வீட்டில் ஏழு குடித்தனம், ஆளுக்கொரு குழாய், ஆனால் மாடியில் தொட்டி ஒன்றுதான். யாராவது ஒருத்தர் குழாயை முழுக்கத் திறந்துவிட்டால் மற்ற ஆறு பேருக்கும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அவர்களும் தங்கள் குழாயைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆக, யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரர். யார்?

அவளுக்குள் ஒரு பரபரப்பு வந்துவிட்டது. நாத்தனார் கோபம், மூன்று மணி எல்லாம் ஒரு ஓரத்துக்குப் போய், அது யார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை ஒன்றே முன்னால் வந்து நின்றது. இந்த வேலையில் அவளுக்குப் பிடித்ததே இந்தக் கட்டம்தான். மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாண்டிப் போனாள்.

முதல் சந்தேகம் எக்ஸ்ரே மேல்தான். அதற்குக் காரணமும் இருந்தது. சரியாக மூன்று மாதம் முன்புதான் எக்ஸ்ரே படங்களை எல்லாம் இந்தப் பெட்டிக்கு மாற்றினார்கள். தொல்லையும் மூன்று மாதமாகத்தான். எக்ஸ்ரே எடுப்பவருக்குப் போன் போட்டாள். கருப்புக் கண்ணாடியைக் கழற்றாத ஆள், அதனால் அவருக்கு 'இருட்டு' என்று பெயர்.

"இருட்டண்ணே, பதினொண்ணு அஞ்சிலேருந்து பதினொண்ணே கால் வரைக்கும் ஒரு படமும் அனுப்பாதீங்க."

"ஏம்மா, எலும்பு உன்னைக் கேட்டுக்கிட்டா உடையுது?"

"எடுங்கண்ணே, வேண்டாம்னு சொல்லல. அனுப்பறத மட்டும் பத்து நிமிஷம் தள்ளிப் போடுங்க."

"மருந்தக்காவுக்காகவா?" என்று கேட்டது இருட்டு. மருத்துவமனையில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. "அப்பன்னா இருபது நிமிஷம்கூடத் தர்றேன்."

பதினொன்று ஐந்து. எக்ஸ்ரே மெஷின் மூச்சு விடவில்லை. அவள் பெரிய பெட்டியின் திரையில், ஏழு மெஷின்களும் எவ்வளவு எழுதுகின்றன, எவ்வளவு படிக்கின்றன என்று வரிசைப்படுத்திக் காட்டும் பக்கத்தைத் திறந்துவைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பகலில் அந்தப் பக்கத்தைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று என்று அவளுக்கு நினைவில்லை.

பதினொன்று ஆறு. எல்லாம் அமைதி.

பதினொன்று ஏழு. வரிசையின் கடைசியில் கிடந்த ஒரு பெயர் விருட்டென்று முதலிடத்துக்கு ஏறியது. மருந்து, எக்ஸ்ரே, பதிவு, ரத்தப் பரிசோதனை என்று மற்ற ஆறும் சேர்ந்து எழுதுவதைப் போல இருபது மடங்கு அது ஒன்றே எழுதிக்கொண்டிருந்தது.

ஆறாம் நம்பர்.

"அங்கேதான் யாருமே இல்லையே" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆறாம் நம்பர், புதிய புரோகிராம்களை ஓட்டிப் பார்க்க வைத்திருக்கும் சோதனை மெஷின். அதற்கு டாக்டரும் இல்லை, நோயாளியும் இல்லை. அவளைத் தவிர அதன் கதவைத் திறக்கிறவர்கள் யாரும் கிடையாது. வெளியாள் எவனாவது புகுந்துவிட்டானா? உள்ளே போய், என்ன ஓடுகிறது என்று பார்த்தாள். ஒரே ஒரு சின்ன நிரல், அதாவது புரோகிராம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திறந்தாள். முதல் வரியில் அவள் பெயர் இருந்தது. இரண்டாவது வரியில் அவளே தன் கைப்பட எழுதி வைத்த குறிப்பு:

'ஒரு வாரம் மட்டும். பிறகு நிறுத்தவும்.'

எட்டு மாதம் முன்பு இந்தப் பெட்டி புதிதாக வந்தபோது, டிஸ்க் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அவள் எழுதி வைத்த நிரல் அது. ஒவ்வொரு மணிக்கும் ஏழாவது நிமிஷம் எழுந்திருக்கும். ஒரு பெரிய கோப்பை எழுதும், திரும்பப் படிக்கும், எத்தனை விநாடி ஆயிற்று என்று குறித்துக்கொள்ளும். நாற்பது விநாடிக்குள் முடிந்தால் படுத்துக்கொள்ளும். முடியாவிட்டால் தன் கணக்கையே நம்பாது. மறுபடி அளக்கும். அடுத்தடுத்து மூன்று தடவை ஒரே மாதிரி வரும் வரைக்கும் விடாது.

மூன்று தடவை. வேறு யாராவது எழுதியிருந்தால் இரண்டோடு விட்டிருப்பார்கள்.

இப்போது எல்லாம் தானாக அவிழ்ந்தது. முதல் ஐந்து மாதம் டிஸ்க்குக்கு வேலை குறைவு, நாற்பது விநாடிக்குள் சோதனை முடிந்தது, ஒருவருக்கும் தெரியவில்லை. எக்ஸ்ரே படங்கள் வந்து டிஸ்க்கை முக்கால்வாசி நிரப்பிய பிறகு பகலில் நாற்பது விநாடி நாற்பத்தைந்தானது. உடனே இது சந்தேகப்பட்டு மறுபடி அளந்தது. இது அளப்பதாலேயே டிஸ்க் இன்னும் திணறியது. திணறியதைப் பார்த்து இது இன்னும் சந்தேகப்பட்டது. அரை மணி நேரம் அளந்து அளந்து, கடைசியில் மூன்று ஒத்துப்போனதும் திருப்தியாகப் படுத்துக்கொண்டது. அடுத்த ஏழாவது நிமிஷம் மறுபடி. சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை ஓய்ந்த பிறகு வந்து பார்த்தால்? நாற்பது விநாடிக்குள் முடிந்துவிடும். குதிரை மாதிரி ஓடும். மூன்று நாளும் அப்படித்தான் ஓடியது.

டிஸ்க் மெதுவாக இருக்கிறதா என்று பார்க்க அவள் வைத்த காவல்காரன்தான் டிஸ்க்கை மெதுவாக்கிக்கொண்டிருந்தான். இதை வேறு யாராவது செய்திருந்தால் அவள் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள்.

நிரலை நிறுத்தினாள். திரையில் ஆறாம் நம்பர் மடமடவென்று கீழே இறங்கித் தன் பழைய இடத்தில் போய்ப் படுத்தது.

நியாயமாகப் பார்த்தால் இன்னொரு வேலை பாக்கி. பன்னிரண்டு ஏழுக்கு அதை மறுபடி ஓடவிட்டு, ஜன்னல் திணறுகிறதா என்று பார்த்து, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, மூன்று தடவை நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். விரல் அதற்குத் துறுதுறுத்தது. அப்போது 'ஒண்ணு தூங்கிடுச்சு, ஒண்ணு அழுது' என்ற வரி ஞாபகத்துக்கு வந்தது. அவள் நிச்சயப்படுத்திக்கொள்வதற்காக இன்னொரு அரை மணி யாரோ நின்றுகொண்டே இருக்க வேண்டும். கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பதிலாக நிரல் எழுதி வைத்திருந்த அளவுகளைத் திறந்து, நீல நோட்டைப் பக்கத்தில் விரித்தாள். மூன்று மாதம் நிரலின் குறிப்பும் நாத்தனாரின் குறிப்பும் கைகோத்துக்கொண்டு போயின. நோட்டில் 'சரியாச்சு' என்று எழுதிய இடத்திலெல்லாம் நிரலும் படுத்திருந்தது. ஒரு நாள் மட்டும் இரண்டு நிமிஷ வித்தியாசம் இருந்தது. அன்று நோட்டின் ஓரத்தில் 'கடிகாரம் பேட்டரி மாத்தினேன்' என்றிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பன்னிரண்டு ஏழு வந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஒன்று ஏழு, ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மணிக்குக் கீழே போய் வராந்தா முனையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஜன்னலில் மூன்று பேர்தான் நின்றார்கள். நாத்தனார் மட்டும் இரண்டு ஏழு நெருங்கியபோது பழக்கத்தில் துணியைக் கையில் எடுத்தார். திரையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். துணியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

மூன்றாம் மாடி அறைக்குத் திரும்பி உட்கார்ந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு அரிப்பு. நிரலை அழிப்பதற்கு ஒரு விசை போதும். ஆறாம் நம்பருக்குள் எவரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. 'சில அமைப்புகளை மாற்றினேன், சரியாகிவிட்டது' என்று ஒரு வரி எழுதினால் அக்காவும் தப்பிப்பார், இவளும் தப்பிப்பாள். பதினோரு வருஷமாக ஒரு கரும்புள்ளி இல்லாத பதிவேடு. யாருக்கு என்ன நஷ்டம்? விசைமேல் விரலை வைத்தாள், எடுத்தாள். மணி மூன்றுக்குப் பத்து நிமிஷம்.

கண்காணிப்பாளர் அறையில் நாத்தனார் ஏற்கனவே நின்றிருந்தார். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மேஜைமேல் உத்தரவு, அதன்மேல் கண்ணாடி உருண்டை ஒன்று. கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. அறுநூறு படுக்கைகளையும் நாலாயிரம் புகார்களையும் வைத்துக்கொண்டு, எதையாவது சீக்கிரம் முடித்தால் தேவலை என்று இருக்கிற மனிதர். அன்று உற்சாகமாகவே இருந்தார்.

"வாங்கம்மா. இப்பத்தான் ஜன்னல் பக்கமா வந்தேன். பன்னெண்டு மணியிலேருந்து வரிசையே காணோம்!" என்று நாத்தனார் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா? மூணு மாசம் நடக்காதது இன்னைக்கு ஒரே நாள்ல நடக்குது. மூணு மணிக்கு விசாரணைன்னதும் கை தானா ஓடுது. அப்போ இத்தனை நாள் முடியாம இல்ல, மனசில்ல. நான் சொல்றது தப்பா?"

நாத்தனார் வாயைத் திறந்து மூடினார். எப்படிச் சரியாயிற்று என்று அவருக்கே தெரியாதே. ஜன்னலில் யார் கத்தினாலும் அசையாத அந்த முகம் அப்போதுதான் உடைந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அவள் சரிபண்ணியதே அக்காவுக்கு எதிரான சாட்சியாகிக்கொண்டிருந்தது. அந்த விசையை அழுத்தியிருந்தால், இந்த மனிதர் சொன்னதை மறுக்க இந்த உலகத்தில் ஒரு துரும்பும் இருந்திருக்காது.

"தப்பு சார்" என்றாள்.

"என்னம்மா?"

"நீங்க சொல்றது தப்பு. வரிசை போனதுக்குக் காரணம் விசாரணை இல்ல. பதினொண்ணே காலுக்கு நான் மேல ஒரு புரோகிராமை நிறுத்தினேன், அதனால போச்சு. அதுதான் ஒவ்வொரு மணிக்கும் ஏழாவது நிமிஷம் எந்திரிச்சு மொத்த டிஸ்க்கையும் பிடிச்சு வச்சுக்கிட்டு இருந்தது. இது அது எழுதின கணக்கு. இது இவங்க எழுதின நோட்டு. மூணு மாசத்துக்கும் நிமிஷம் பிசகாம ஒத்துப்போகுது, நீங்களே பாருங்க."

கண்காணிப்பாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு மெஷின் புரியாது, ஆனால் மணி பார்க்கத் தெரியும். நாலைந்து பக்கம் விரலை வைத்து ஒப்பிட்டார். உற்சாகம் வடிந்தது.

"மெஷின்ல குறை இல்லைன்னு நீங்கதானேம்மா எழுதிக் குடுத்தீங்க?"

"அது தப்பான அறிக்கை சார். கூட்டமே இல்லாத நேரத்துல பார்த்துட்டு எழுதினேன்."

"சரி, இந்தப் புரோகிராமை அங்க போட்டது யாரு?"

மின்விசிறி ஒரு சுற்று சுற்றியது.

"நான்தான். எட்டு மாசத்துக்கு முன்னால போட்டேன். ஒரு வாரத்துல எடுக்கணும்னு எழுதியும் வச்சேன், எடுக்க மறந்துட்டேன். இவங்க வேலையில ஒரு குறையும் கிடையாது."

நாத்தனார் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். பதினாறு நாளில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தார்.

கண்காணிப்பாளர் கண்ணாடி உருண்டையை எடுத்துவிட்டு உத்தரவை இரண்டாகக் கிழித்தார். கிழித்த கையோடு இவளிடம், "நாளைக்குள்ள எழுத்துல விளக்கம் வேணும். உங்க பதிவேட்டுல ஏறும், வேற வழியில்ல" என்றார். "சரிங்க சார்" என்றாள். நியாயம்தானே.

வராந்தாவில் இருவரும் ஒன்றாக நடந்தார்கள், நடுவில் ஒரு ஆள் போகும் இடம் விட்டு. படிக்கட்டு வந்ததும் நாத்தனார் நின்றார்.

"மூணு நாள் பார்த்தியாமே?"

"ஆமா அண்ணி."

"மூணு நாள் ஆறு மணிக்கு வந்து, அந்த மெஷின்கிட்டே கேட்டே. எட்டு மாசமா அந்தப் புரோகிராம்கிட்டே கேட்டே. மாடியில நான் குடியிருக்கேன். 'என்ன அண்ணி ஆகுது'ன்னு என்கிட்ட ஒரு தடவை கேட்டியா?"

எதையும் மூன்று தடவை பார்க்கிறவள் இதை ஒரு தடவைகூடச் செய்யவில்லை. கண்ணில் நீர் முட்டியது. "கேக்கல" என்றாள். "மன்னிச்சிருங்க."

நாத்தனார் நடந்தார். மருந்து அறைக் கதவைத் திறந்தவர் அதைச் சாத்தவில்லை. அவள் உள்ளே போய் மறுபடி நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். வெளியே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சீட்டு, இழுப்பறை, கத்தரி, உறை, அடுத்தது. காது கேட்காத தாத்தா வந்து, "இன்னைக்கு என்ன சீக்கிரம்?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டார். நாத்தனார் பின்பக்கம் கட்டைவிரலைக் காட்டினார்.

நாலு ஆறு. நாலு ஏழு. சக்கரம் சுற்றவில்லை. நாலு எட்டு. சீட்டு வந்தது, மருந்து போனது.

நாத்தனார் கையை நீட்டினார். அவள் நீல நோட்டைக் கொடுத்தாள். அன்றைய தேதி போட்ட பக்கத்தில் குண்டு எழுத்தில் எழுதினார்: '4.08 – ஓடுது.' எழுதிவிட்டு நோட்டைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தி, பேனாவை அதன்மேல் வைத்தார்.

"கையெழுத்துப் போடு" என்றார். "ஒரு தடவை போட்டாப் போதும்."